கணனி இயங்க மறுத்தால்: மதகிலிருந்து பார்த்து வருவோம்



வீடும் காணியும் கையைவிட்டுப் போனபின் இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்திடம் எஞ்சியிருப்பது காகிதம்தான். காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், கிராம உத்தியோகத்தர் தந்த கடிதம் ஆகியவையே "நாங்கள் இங்கே வாழ்ந்தோம், இன்னின்னவற்றை இழந்தோம்" என்று அவர்களுக்காகப் பேசுகின்றன. மொறகஹகந்த, களு கங்கை நீர்த்தேக்கங்களுக்காக லக்கலப் பகுதியில் வயலையும் வீட்டையும் விட்டு எழுந்த குடும்பங்கள் இதை நன்கு அறியும். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் கொண்டுவந்த பெருமழையாலும் மண்சரிவாலும் மாத்தளை மாவட்டத்தில் வீடிழந்த குடும்பங்களும் அறியும்.

இன்று அந்தக் காகிதங்களுள் பல, ஒரு கணனிக்குள் இருந்தே பிறக்கின்றன. இழப்பு விபரப் பட்டியல், பிரதேச செயலகத்திற்கு எழுதும் கடிதம், பிள்ளைகளின் விண்ணப்பங்கள், சங்கத்தின் கணக்கு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. பெரும்பாலும் அது யாரோ அன்பளிப்பாகத் தந்த பழைய மேசைக் கணனி. ஊருக்கே அது ஒன்றுதான். அது ஒருநாள் காலையில் இயங்க மறுத்தால் என்ன செய்வது? இவ்விதழில் இக்கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

எமக்கு நேர்ந்தது

எமது நிலையத்தில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம். மண்சரிவில் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் இழப்புகளை உயர்தரம் படிக்கும் ஒரு பெண்பிள்ளை மூன்று வாரமாக மாலைவேளைகளில் இருந்து கணனியில் ஏற்றியிருந்தாள். இடிந்த வீடு, அள்ளுண்டு போன மிளகுக்கொடி, கராம்பு மரம், மரக்கறிப் பாத்தி, மாடு, ஆடு என்று ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு பக்கம். மறுநாள் அதை ஒப்படைக்க வேண்டும். காலையில் அச்செடுப்பதற்காகப் பொத்தானை அழுத்தினாள். வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை.

நாம் பதறிவிட்டோம். பட்டணத்தில் ஒரு கடைக்குத் தொலைபேசியில் விடயத்தைச் சொன்னோம். பெட்டியைக் கண்ணாலும் பாராமலே, "மதர்போட் போயிருக்கும், உள்ளே உள்ளது கிடைக்காது, புதிதுதான் வாங்கவேண்டும்" என்று பதில் வந்தது. அந்தப் பிள்ளை அழுதே விட்டாள். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. அது எமது தவறு, அவளுடைய தவறன்று.

முச்சக்கர வண்டிக்குச் சொல்லி அனுப்பிவிட்டுக் காத்திருந்தபோது, வாசலில் இருந்த ஒரு முதியவர் பேசினார். அவர் தமது பழைய ஊரில் பல ஆண்டுகள் வாய்க்கால் தண்ணீரைப் பகிர்ந்து கொடுத்தவர்.

"சாமி, வயலுக்குத் தண்ணி வரலேன்னா எடுத்த எடுப்புல வயலயா தோண்டுவோம்? மதகுலருந்து பாத்துக்கிட்டேதான வருவோம்? இதுக்குக் கரண்டு எங்கருந்து வருதுன்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அவர் சொன்னபடியே சுவரிலிருந்து தொடங்கினோம். சுவரில் மின்சாரம் இருந்தது. எக்ஸ்டென்ஷன் வயரிலும் இருந்தது. அடுத்ததாக இருந்த யூ.பி.எஸ். பெட்டியில்தான் வழி அடைபட்டிருந்தது. அதை நீக்கிவிட்டு நேராகச் சுவரில் மாட்டியதும் கணனி எழுந்துகொண்டது. பட்டியல் அன்று மாலையே அச்சாகியது. அவர் தந்த பாடத்தைத்தான் இக்கட்டுரையில் விரித்து எழுதுகிறோம்.

மின்சாரம் வரும் வாய்க்கால்

அம்பன் கங்கையை எலஹெரவில் மறித்து மின்னேரியாக் குளத்திற்கு நீர் கொண்டு சென்ற பண்டைய வாய்க்காலைப் பற்றி எமது மக்கள் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த நீண்ட வழியில் எந்த ஓரிடத்தில் கரை உடைந்தாலும் கடைசி வயல் காய்ந்துவிடும். வயலில் குற்றமில்லை.

கணனிக்கும் அப்படி ஒரு வழி உண்டு. முதலில் வீட்டின் ட்ரிப் சுவிட்ச். அடுத்தது சுவரிலுள்ள பிளக் பொயிண்ட். பின்னர் எக்ஸ்டென்ஷன் வயர், யூ.பி.எஸ்., கணனியின் முதுகில் செருகும் கறுப்பு வயர். அதன்பின் முதுகிலுள்ள சிறிய சுவிட்ச். அதையடுத்து, பெட்டிக்குள் இருக்கும் 'பவர் சப்ளை' என்னும் இரும்புப் பெட்டி. இதுவே சுவரிலிருந்து வரும் 230 வோல்ற் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ற் என்று சிறிய அளவுகளாக்கிக் கொடுப்பது. அங்கிருந்து மதர்போட்டுக்கும், ஹாட் டிஸ்க்குக்கும், மற்றெல்லாவற்றுக்கும் வயர்கள் போகின்றன. முன்புறம் நாம் அழுத்தும் பொத்தான், மதர்போட்டின் ஊடாகப் பவர் சப்ளைக்கு "எழும்பு" என்று சொல்லும் ஒரு சிறு அடையாளம் மாத்திரமே.

ஆகவே, பொத்தானை அழுத்தி எதுவும் நடக்காதபோது இந்த வழியில் ஏதோ ஓரிடத்தில் தடை இருக்கிறது. தடை எங்கே என்று அறியுமுன் விலைகூடிய பகுதியை மாற்றுவது வீண்செலவு.

முதலில் உயிர், பிறகு இயந்திரம்

தொடங்குமுன் நான்கு காரியங்களை மனதிற் கொள்ளுதல் வேண்டும்.

வெள்ளம் புகுந்த வீட்டில், அல்லது சுவர் நனைந்த இடத்தில், மின்சார வேலை தெரிந்தவர் பார்த்து நல்லதென்று சொல்லும்வரை எந்தப் பிளக் பொயிண்டையும் பாவிக்கலாகாது.

ஈரக் கையோடும் வெறுங்காலோடும் மின்வயர்களைத் தொடலாகாது. இறப்பர் செருப்பு அணிந்து, உலர்ந்த தரையில் நின்று செய்யவேண்டும்.

கருகிய மணம், புகை, பொறி ஆகியவற்றைக் கண்டால் உடனே சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். "இன்னுமொரு முறை போட்டுப் பார்ப்போம்" என்பது வேண்டாம்.

பவர் சப்ளை என்ற அந்த இரும்புப் பெட்டியை ஒருபோதும் திறக்கலாகாது. பிளக்கைக் கழற்றிய பின்பும் அதற்குள் உயிராபத்து விளைவிக்கக்கூடிய மின்சாரம் சிறிது நேரம் தேங்கியிருக்கும். அதைத் திறந்து பழுதுபார்ப்பது பயிற்சி பெற்றவரின் வேலை.

முதற்படி: கணனியா, திரையா?

பொத்தானை அழுத்திவிட்டு ஒரு நிமிடம் அமைதியாகப் பாருங்கள், கேளுங்கள். முன்புறம் சிறு விளக்கு எரிகிறதா? விசிறி சுழலும் சத்தம் கேட்கிறதா? 'பீப்' என்ற ஒலி வருகிறதா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் கணனிக்கு மின்சாரம் வருகிறது என்று பொருள். அப்போது திரையைத்தான் முதலிற் பார்க்கவேண்டும். திரைக்குத் தனிச் சுவிட்ச் உண்டு, தனி வயர் உண்டு. கணனிக்கும் திரைக்கும் இடையிலுள்ள கேபிள் தளர்ந்திருந்தாலும் திரை இருண்டே இருக்கும். பல திரைகளில் விளக்கு செம்மஞ்சள் நிறமாக எரிந்தால் "எனக்கு மின்சாரம் உண்டு, கணனியிலிருந்து படம் வரவில்லை" என்பது அதன் கருத்து.

ஒன்றுமே இல்லையென்றால் அடுத்த படிக்குச் செல்வோம்.

இரண்டாம் படி: சுவர்

அதே பிளக் பொயிண்டில் ஒரு மேசை விளக்கை மாட்டிப் பாருங்கள். விளக்கு எரியாவிட்டால் குற்றம் கணனியில் இல்லை. ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதை ஒருமுறை ஏற்றலாம். கணனியை மாட்டும் ஒவ்வொரு முறையும் அது விழுமானால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். கணனியிலோ வயரிலோ மின்கசிவு இருக்கிறது என்று அது எச்சரிக்கிறது. ட்ரிப் சுவிட்சைக் கட்டி வைத்து, அல்லது அதைத் தவிர்த்து வயர் இழுத்து, வேலை பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது மரணத்தோடு விளையாடுவதாகும்.

விளக்கு எரிந்தாலும் மங்கலாக எரிகிறதா என்று கவனியுங்கள். தற்காலிகக் குடியிருப்புகளில் ஒரே இணைப்பிலிருந்து நீண்ட மெல்லிய வயர்களைப் பல வீடுகளுக்கு இழுத்திருப்பார்கள். மாலையில் எல்லோரும் சோற்றுக் குக்கரையும் கேத்தலையும் போடும்போது வோல்ற் அளவு இறங்கிவிடும். அந்நேரம் எழும்ப மறுக்கும் கணனி, இரவு பத்து மணிக்கு நன்றாக எழும்பும். இப்படியானால் பழுது வயரிணைப்பில்தான் இருக்கிறது. அந்த மெல்லிய வயர் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும் என்பதால், கணனிக்காக மட்டுமன்றி வீட்டிலுள்ளோரின் பாதுகாப்புக்காகவும் அதைச் சீர்செய்ய வேண்டும்.

மூன்றாம் படி: இடையில் நிற்பவை

எக்ஸ்டென்ஷன் வயர், மல்டி பிளக், யூ.பி.எஸ். எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கணனியை நேராகச் சுவரில் மாட்டிப் பாருங்கள். எமது நாட்டு வீடுகளில் வட்டக்கால் பிளக்கும் சதுரக்கால் பிளக்கும் கலந்து கிடப்பதால், ஒன்றின் மேலொன்றாக அடப்டர் மாட்டும் வழக்கம் உண்டு. அந்த ஒவ்வோர் இணைப்பும் தளரக்கூடிய இடம்.

சதுரக்கால் பிளக்கினுள் ஒரு சிறிய பியூஸ் இருக்கிறது. அது எரிந்திருந்தால் அதே அளவுள்ள பியூஸையே போடவேண்டும். சிகரட் பெட்டித் தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றிப் போடலாகாது. பெரிய சேதம் வராமல் தன்னை எரித்துக்கொள்வதே பியூஸின் வேலை.

யூ.பி.எஸ். பெட்டிக்குள் இருக்கும் பற்றரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அப்படித் தளர்ந்த பெட்டி, சுவரில் மின்சாரம் இருக்கும்போதும் கணனிக்கு அதை விடாமல் மறிக்கலாம். எமக்கு நேர்ந்தது இதுவே.

நான்காம் படி: கறுப்பு வயர்

கணனியின் முதுகில் செருகும் வயரும் திரையின் வயரும் பல கணனிகளில் ஒரே வகையானவை. திரையின் விளக்கு எரிகிறது, கணனி எழும்பவில்லை என்றால், அவ்விரண்டு வயர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டுங்கள். இப்போது கணனி எழும்பித் திரை அணைந்தால், பழுது அந்த வயரில்தான். ஒரு சதமும் செலவில்லாத சோதனை இது. (சில புதிய திரைகளுக்குச் சிறிய அடப்டர் வேறாக வரும். அதைக் கணனிக்கு மாட்ட முடியாது.)

வயரை எலி கடித்திருக்கிறதா, மேசைக்காலில் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். செருகும் முனை முதுகில் இறுக்கமாக உள்ளே போயிருக்க வேண்டும். மேசையை நகர்த்திக் கூட்டும்போது அது அரைவாசி கழன்று நிற்பது அடிக்கடி நடக்கும்.

ஐந்தாம் படி: முதுகுச் சுவிட்ச்

வயர் செருகும் இடத்தருகே பெரும்பாலான கணனிகளில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் ஒரு கோடும் ஒரு வட்டமும் இருக்கும். கோட்டுப் பக்கம் அழுத்தியிருந்தால் திறந்திருக்கிறது, வட்டத்துப் பக்கமென்றால் மூடியிருக்கிறது. சிறுவர்கள் விளையாட்டாக அழுத்தியிருக்கலாம், தும்புத்தடி பட்டிருக்கலாம்.

பழைய பெட்டிகளில் 115 என்றும் 230 என்றும் எழுதிய ஒரு சிவப்புச் சுவிட்சும் காணப்படும். எமது நாட்டில் அது எப்போதும் 230 இலேயே இருக்கவேண்டும். 115 க்குத் தள்ளிவிட்டு மின்சாரம் கொடுத்தால் பவர் சப்ளை வெடித்துப் போகும். வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வந்த கணனியாயின், முதன்முறை மாட்டுமுன் இதைப் பார்ப்பது கட்டாயம்.

ஆறாம் படி: தேங்கிய மின்சாரத்தை வடித்தல்

இடி இடித்த பின், அல்லது மின்சாரம் போய் வந்த பின், கணனி எழும்பாமல் போவதுண்டு. பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ளத் தானே கதவை மூடிக்கொள்வது இதற்கு ஒரு காரணம். அக்கதவைத் திறக்க வழி எளிது. சுவரிலிருந்து பிளக்கை முற்றாகக் கழற்றுங்கள். பென் டிரைவ், அச்சு இயந்திரம், தொலைபேசி வயர், இணைய வயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். முன்பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். ஐந்து பத்து நிமிடம் பொறுத்து, மின்வயரையும் திரையையும் மாத்திரம் மாட்டிப் பொத்தானை அழுத்துங்கள். எழும்பினால் மற்றவற்றை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது நின்றுவிடுகிறதோ, பழுது அதில் இருக்கிறது.

ஏழாம் படி: மூடியைத் திறந்து பார்த்தல்

இதுவரை சொன்னவற்றை எவரும் செய்யலாம். இனிச் சொல்வதைக் கைப்பக்குவமுள்ள இளைஞர் ஒருவர் செய்யட்டும். பிளக்கைக் கழற்றிய பின்னரே பக்க மூடியைத் திறக்கவேண்டும். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் நுண்ணிய பகுதிகளைக் கெடுக்காதிருக்க, முதலில் பெட்டியின் வெறும் இரும்பைத் தொட்டுக்கொள்ள வேண்டும்.

எமது மலைப்பிரதேசத்தில் கணனிக்குள் பல விருந்தாளிகள் குடியேறுவதுண்டு. எறும்புக் கூட்டம், பல்லி, பல்லி முட்டை, குளவி கட்டிய மண்கூடு ஆகியவற்றை நாமே கண்டிருக்கிறோம். தூசியை மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். மதர்போட்டில் சிறிய உருளைகள் நிற்கும். அவற்றின் தலை தட்டையாக இருக்கவேண்டும். வீங்கியோ கசிந்தோ இருந்தால் அவை பழுதாகிவிட்டன என்று பொருள்.

பவர் சப்ளையிலிருந்து மதர்போட்டுக்கு வரும் 24 துளையுள்ள பெரிய செருகியையும், 4 அல்லது 8 துளையுள்ள சிறிய செருகியையும் கழற்றித் திரும்ப இறுக்கமாக மாட்டுங்கள். 'ரேம்' என்னும் நீளத் துண்டைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் எழுத்தை அழிக்கும் இறப்பரால் மெல்லத் துடைத்து மாட்டுங்கள். விசிறி சுழன்றும் படம் வராத கணனிகள் பல இதனாலேயே குணமடைகின்றன.

பல மதர்போட்டுகளில் ஒரு சிறு விளக்கு உண்டு. பிளக்கை மாட்டியவுடன் அது எரிந்தால் மின்சாரம் அதுவரை வந்துவிட்டது. அப்படியிருந்தும் கணனி எழும்பாவிட்டால் முன்பொத்தான் தேய்ந்திருக்கலாம். பொத்தானின் வயர் மாட்டியிருக்கும் இரண்டு ஊசிகளில், 'ரீசெட்' பொத்தானின் வயரை மாற்றி மாட்டி அழுத்திப் பாருங்கள். எழும்பினால், ரீசெட் பொத்தானையே இனிப் பிரதான பொத்தானாகப் பாவித்துக்கொள்ளலாம்.

அந்த விளக்கும் எரியவில்லை, வயரும் சுவரும் நல்லவை என்றால், பெரும்பாலும் பவர் சப்ளையே பழுது. அதே வகையான வேறொரு நல்ல பவர் சப்ளையை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனை. அது தனியாக வாங்கி மாற்றக்கூடிய பகுதி. அது போனால் கணனி முழுவதும் போய்விட்டதென்று கருதவேண்டியதில்லை.

எழுதியது எங்கே இருக்கிறது?

வாசகர்கள் முக்கியமாக அறியவேண்டியது இதுவே. நீங்கள் ஏற்றிய பட்டியலும் கடிதங்களும் ஹாட் டிஸ்க் என்னும் தனிப் பகுதியில் பதிந்திருக்கின்றன. மின்சாரம் நின்றாலும் அவை அழிவதில்லை. பவர் சப்ளையோ மதர்போட்டோ பழுதானாலும், பெரும்பாலான சமயங்களில் ஹாட் டிஸ்க் நலமாகவே இருக்கும். அதைக் கழற்றி வேறொரு கணனியில் மாட்டி உள்ளே உள்ளதை எடுக்க முடியும். வீடு பூட்டிக் கிடந்து சாவி தொலைந்துபோனால், உள்ளே இருக்கும் நெல்மூட்டை தொலைந்துவிட்டதென்று நாம் சொல்வதில்லை அல்லவா?

இதனால் கடைக்குக் கொண்டு செல்லும்போது நான்கு விடயங்களைக் கடைப்பிடியுங்கள். முதலாவது, "உள்ளே உள்ளவற்றை அழிக்க வேண்டாம்" என்று தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். இரண்டாவது, வீட்டில் என்னென்ன பார்த்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். மூன்றாவது, எந்தப் பகுதி பழுது, விலை என்ன என்று வேலை தொடங்குமுன் கேளுங்கள். நான்காவது, மாற்றிய பழைய பகுதியைத் திருப்பிக் கேளுங்கள். இது சந்தேகப்படுவதன்று. நேர்மையான தொழிலாளர் எவரும் இவற்றுக்கு முகம் சுளிக்கமாட்டார்.

வெள்ளத்தில் அல்லது சேற்றில் மூழ்கிய கணனியின் கதை வேறு. காய்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும் சேற்றிலுள்ள உப்பும் அழுக்கும் உள்ளே படிந்து மின்சாரத்தைத் தவறான வழியில் விடும். அதை மாட்டிப் பார்க்கவே கூடாது. அடுப்படியில் வைத்துச் சூடாக்கவும் வேண்டாம். அதன் ஹாட் டிஸ்க்கில் முக்கியமானவை இருந்தால், அதைத் திறக்காமல் இத்துறை தெரிந்தவரிடம் கொடுப்பதே வழி.

வருமுன் காத்தல்

எமது பகுதியில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், மீண்டும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமின்னல் அதிகம். வானம் கறுக்கத் தொடங்கும்போதே பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மாத்திரம் போதாது. மின்னல் தொலைபேசி வயர் வழியாகவும் இணைய வயர் வழியாகவும் வரும். அவற்றையும் கழற்றுங்கள். இடி தலைக்குமேல் வந்தபின் வயர்களைத் தொடப் போகவேண்டாம்.

மின்வெட்டும் எமக்குப் புதிதன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம்வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததையடுத்து நாடே இருளில் மூழ்கியதையும் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மின்சாரம் போகும்போதைவிடத் திரும்பி வரும்போதே கணனிக்கு ஆபத்து அதிகம். வோல்ற் அளவு ஏறி இறங்கி வரும். எனவே மின்சாரம் போனதும் பிளக்கைக் கழற்றுங்கள். வந்தபின் பத்து நிமிடம் பொறுத்து மாட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுங்கள். கிழமைக்கொரு முறை முக்கியமானவற்றை அச்செடுத்துப் பொலித்தீன் உறையிலிட்டு, தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். பிரதியைக் கணனி இருக்கும் அதே கட்டடத்தில் வைக்காதீர்கள். மலை சரிந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். விதைநெல் முழுவதையும் ஒரே அடுக்குப்பெட்டியில் வைக்காத எமது மூத்தோரின் அறிவு இதற்கும் பொருந்தும்.

ஒரு பெட்டி, பல வீடுகள்

கணனி பட்டணத்தாருக்கும் படித்தவருக்கும் உரியது என்று ஒதுங்கிவிட வேண்டாம். மகாவலித் திட்டத்தில் கொத்மலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது நிலமிழந்தோர் பலர். அந்தக் கொத்மலையில் 1989 இல் ஒரு சமுதாய வானொலி தொடங்கியது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் அங்கே இணையத் தொடர்புள்ள கணனிகள் வைக்கப்பட்டன. கிராமத்தவர்கள் தமது கேள்விகளை எழுதி அனுப்புவார்கள். வானொலியினர் கணனியில் தேடி, விடையை மக்களின் மொழியில் ஒலிபரப்புவார்கள். கணனியைக் கண்ணாலும் காணாத குடும்பங்களுக்கும் அதன் பயன் சென்றடைந்தது. உலகின் பல நாடுகள் இதை எடுத்துக்காட்டாகப் பேசின.

அங்கே சில கணனிகளுக்குப் பின்னால் ஒரு பிரதேசமே இருந்தது. எமது நிலையத்திலுள்ள ஒரேயொரு கணனிக்குப் பின்னாலும் பல குடும்பங்களின் உரிமைகள் இருக்கின்றன. அதைக் காக்கும் அறிவு ஒருவரிடம் மாத்திரம் இருந்தால், அவர் ஊரில் இல்லாத நாளில் எல்லோரும் கைகட்டி நிற்கவேண்டி வரும். நிலையத்திற்கு இருவரேனும், அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக, இப்படிகளைக் கற்றுக்கொள்ளட்டும். இப்படிகளை ஒரு தாளில் எழுதிக் கணனியின் அருகே சுவரில் ஒட்டிவிடுங்கள்.

எமது நிலையத்தில் அத்தாளை எழுதியவள் அன்று அழுத அதே பெண்பிள்ளை. முதல் வரியை மட்டும் அந்த முதியவர் சொல்லச் சொல்ல எழுதினாள்: "வயலைத் தோண்டுமுன் மதகைப் பார்."

குழுவாகக் கூடிச் சிந்திக்க

1. எமது நிலையத்திலுள்ள கணனிக்கு மின்சாரம் வரும் வழியைச் சுவரிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல முடியுமா? அதில் தளர்ந்த இடம் எது?

2. இன்றிரவு அக்கணனி பழுதானால் எந்தெந்தக் குடும்பங்களின் எந்தெந்தப் பத்திரங்கள் பாதிக்கப்படும்? அவற்றின் பிரதி எங்கே இருக்கிறது?

3. எமது தற்காலிகக் குடியிருப்பில் மின்வயர்கள் இழுக்கப்பட்டிருக்கும் முறை பாதுகாப்பானதா? இல்லையெனில் யாரை அழைத்துச் சீர்செய்யப் போகிறோம்? எந்தத் திகதியில்?